யார் வீட்டுப் பிள்ளை? 'தி கிரேட் கேட்ஸ்பி'யை ராஜபாளையம் வட்டாரத்திலிருந்து வாசித்தல்

1. சட்டைக் குவியல்

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பெண் சட்டைகளைப் பார்த்து அழுகிறாள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிரிந்த காதலியைத் தன் மாளிகைக்கு வரவழைத்த ஜே கேட்ஸ்பி, அலமாரியைத் திறந்து, இங்கிலாந்திலிருந்து வந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசுகிறான். லினன், பட்டு, மெல்லிய ஃபிளானல் என்று குவியல் உயர்ந்துகொண்டே போகிறது. டெய்சி அதில் முகம் புதைத்து விம்முகிறாள். இவ்வளவு அழகான சட்டைகளை இதுவரை பார்த்ததில்லை என்பதுதான் அழுகைக்கு அவள் சொல்லும் காரணம்.

இந்தக் காட்சியை ராஜபாளையம் வட்டாரத்துச் செட்டியார்பட்டியில் வளர்ந்த ஒரு மாணவி வகுப்பறையில் படிக்கும்போது, அவள் கண் முதலில் துணியில்தான் நிற்கும். செட்டியார்பட்டியும் ஒட்டியுள்ள தளவாய்புரமும் நைட்டியும் உள்பாவாடையும் தைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஊர்கள். பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. ராஜபாளையத்தில் 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கினார். பருத்தி, நூல், துணி, தையல் என்ற வரிசைதான் இந்த வட்டாரத்தில் பணம் வந்த வழி. நேற்றுவரை தறி ஓட்டிய குடும்பம் இன்று கம்பெனி வைத்திருப்பதும், கம்பெனி வைத்திருந்த குடும்பம் நொடித்துப்போவதும் இங்கே தெருவுக்குத் தெரிந்த சங்கதிகள். துணியை வைத்துத் தன் உயர்வைக் காட்டப் பார்க்கும் ஒருவனின் தவிப்பு அந்த மாணவிக்கு அந்நியமானதல்ல. பாடமாக அவளிடம் வந்துசேரும் கேட்ஸ்பிதான் அந்நியமானவன். அங்கே அவன் 'அமெரிக்கக் கனவு' என்ற இரண்டு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறான்.

இக்கட்டுரை கேட்பது ஒரே கேள்வி. கேட்ஸ்பி ஏன் டெய்சியை இழந்தான்? 1917-இல் அவனிடம் காசில்லை. 1922-இல் காசுக்குக் குறைவில்லை. இரண்டு முறையும் அவள் அவனுக்குக் கிடைக்கவில்லை. அப்படியானால் குறையாக இருந்தது எது?

2. இதுவரை சொல்லப்பட்டவை

நாவல் 1925 ஏப்ரல் 10 அன்று ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. முதல் அச்சு 20,870 படிகள். ஆகஸ்டில் இன்னுமொரு 3,000 அச்சிட்டார்கள். 1940 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு தம் 44-ஆம் வயதில் ஹாலிவுட்டில் இறந்தபோதும் அதில் விற்காத படிகள் கிடங்கில் இருந்தன. தொடக்ககால விமர்சகர்களில் எச். எல். மென்கென் உரைநடையைப் பாராட்டினார். கதையை மட்டும் மெருகேற்றிய சம்பவத் துணுக்கு என்று ஒதுக்கினார். டி. எஸ். எலியட், ஹென்றி ஜேம்ஸுக்குப் பிறகு அமெரிக்கப் புனைகதை எடுத்துவைத்த முதல் அடி இது என்ற பொருளில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காக ஏறத்தாழ 1,55,000 படிகள் அச்சிடப்பட்டன. அதன்பிறகே நாவல் பரவலாகப் படிக்கப்பட்டது.

'கனவு' விளக்கம் உறுதிப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். லயனல் டிரில்லிங் 1945-இல் எழுதிய முன்னுரையில் கேட்ஸ்பியை அமெரிக்காவின் உருவமாகவே பார்த்தார். 1954-இல் மாரியஸ் பியூலி, அமெரிக்கக் கனவின் மீதான விமர்சனமாக நாவலை விளக்கினார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க இலக்கியம் உலகப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தபோது இந்த விளக்கமும் கூடவே வந்தது. ஐதராபாத்தில் 1964-இல் அமெரிக்க ஆய்வு மையம் அமைந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியது. தென்மாவட்டக் கல்லூரிகளில் அமெரிக்க இலக்கியம் தனித்தாளாக நிலைபெற்றது அடுத்துவந்த ஆண்டுகளில். டெய்சி வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கு நம்பிக்கை, சாம்பல் பள்ளத்தாக்கு சீரழிவு, கண் மருத்துவரின் விளம்பரப் பலகை கடவுளின் கண் என்று குறியீடுகளுக்கு நேரே பொருள் எழுதும் நோட்ஸ் மரபு அதிலிருந்து கிளைத்தது.

இன்னொரு விளக்கம் ஆசிரியரின் வாழ்க்கையை ஆதாரமாகக் கொள்கிறது. அதற்குச் சான்றுகள் வலுவாகவே உள்ளன. இளமையில் ஃபிட்ஸ்ஜெரால்டு காதலித்த ஜினெவ்ரா கிங், சிகாகோவின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண். ஏழைப் பையன்கள் பணக்காரப் பெண்களை மணக்க நினைக்கக் கூடாது என்று 1916-இல் காதில் விழுந்த ஒரு பேச்சை அவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1919-இல் ஸெல்டா சேயர், அவரது வருமானத்தை நம்ப முடியாமல் நிச்சயத்தை முறித்தார். 1920 மார்ச்சில் முதல் நாவல் வெளியாகிப் பெயரும் பணமும் வர, ஏப்ரலில் திருமணம் நடந்தது. ஒருமுறை பணமில்லாமல் இழந்தவர், மறுமுறை பணம் வந்து பெற்றவர். இந்த இரண்டு அனுபவங்களும் நாவலுக்குள் இருப்பதில் ஐயமில்லை.

ஆனால் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பணம் வந்தபின் பெண் கிடைத்தார், கேட்ஸ்பிக்குக் கிடைக்கவில்லை. நாவல் வாழ்க்கையிலிருந்து விலகும் இந்த இடத்தை வாழ்க்கை வரலாற்று விளக்கம் எட்டுவதில்லை. கனவு விளக்கமும் எட்டுவதில்லை. கேட்ஸ்பியின் கனவு மிகப் பெரியது, எந்தப் பெண்ணும் அதற்கு ஈடாக முடியாது என்று சொல்லிவிட்டால், அவன் தோல்விக்கு அவனே காரணமாகிறான். அவனை வெளியே நிறுத்தியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

3. பணத்தின் வயது

நாவல் தொடங்கிய கையோடு கதைசொல்லி நிக் கேரவே தன் வம்சத்தைச் சொல்கிறான். தாத்தாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் 1851-இல் நகரத்துக்கு வந்தவர். உள்நாட்டுப் போருக்குத் தமக்குப் பதில் வேறொருவரை அனுப்பிவிட்டு இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் தொடங்கியவர். இன்று தந்தை அதை நடத்துகிறார். குடும்பம் ஒரு ஸ்காட்லாந்து பிரபு வம்சத்தையும் சொந்தம் கொண்டாடுகிறது. யாரும் கேட்காமலே நிக் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்? ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் அறிமுகமாகும் இருவர் பேச்சைத் தொடங்கும் இடம்தான் இது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, அப்பா என்ன செய்கிறார்? பதில் தெரிந்த பிறகே மற்ற பேச்சு. நாவலில் இந்தக் கேள்வி எழுப்பப்படாமலே ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்திருக்கிறது.

கேட்ஸ்பியிடம் அதற்குப் பதில் இல்லை. வடக்கு டகோட்டாவின் ஏழை உழவர் வீட்டில் ஜேம்ஸ் காட்ஸாகப் பிறந்தவன் பதினேழு வயதில் தன் பெயரை மாற்றிக்கொள்கிறான். நிக்கை நியூயார்க்குக்குக் காரில் அழைத்துச் செல்லும்போது, தான் மத்திய மேற்குப் பகுதியின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவன், வீட்டார் எல்லோரும் இறந்துவிட்டார்கள், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் என்கிறான். எந்த ஊர் என்று நிக் கேட்க, சான்ஃபிரான்சிஸ்கோ என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறான். நிக்குக்குச் சிரிப்பு வருகிறது. உடனே கேட்ஸ்பி சட்டைப் பையிலிருந்து மாண்டினீக்ரோ பதக்கத்தையும் ஆக்ஸ்ஃபோர்டு புகைப்படத்தையும் எடுத்து நீட்டுகிறான். வம்சம் உள்ளவன் ஆவணம் காட்டுவதில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் சான்றிதழ்க் கட்டோடு நிற்கும் முதல் தலைமுறைப் படிப்பாளியின் நிலைமைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

அவன் பணம் வந்த வழி மதுவிலக்கு. அமெரிக்காவில் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தடை 1933 டிசம்பரில் நீங்கியது. மருந்துக் கடைகளை வாங்கி, அவற்றின் வழியாகச் சாராயம் விற்றவன் கேட்ஸ்பி என்பதை டெய்சியின் கணவன் டாம் புக்கானன் அம்பலப்படுத்துகிறான். தமிழ்நாட்டு வாசகருக்கு இதற்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்கப் பரவி, 1971-இல் தளர்ந்து, 1974-இல் திரும்பி வந்தது. தடைக்காலத்தில் எப்படிப்பட்ட மனிதர்கள் திடீரென்று மாடி வீடு கட்டினார்கள், அந்த வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டவர்கள் திரும்பும் வழியில் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். கேட்ஸ்பியின் விருந்தில் தின்று குடித்துக்கொண்டே அவன் கொலைகாரன் என்று கிசுகிசுக்கும் கூட்டமும் அதே வகைதான்.

டாமின் பணத்தைப் பற்றி நாவலில் யாரும் கேட்பதில்லை. போலோ ஆடுவதற்கான குதிரைகளை ஒரு மந்தையாகவே ஓட்டிவந்தவன் அவன். திருமணத்துக்கு முந்தைய நாள் டெய்சிக்கு மூன்றரை லட்சம் டாலர் மதிப்புள்ள முத்துமாலை கொடுத்தவன். அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பழைய பணத்துக்குப் பூர்விகம் கேட்கப்படுவதில்லை. கேள்விக்கு அப்பாற்பட்டதாக ஆகிவிட்ட பணமே பழைய பணம். நோட்ஸ் புத்தகங்கள் அதிகம் எழுதுவது கேட்ஸ்பியின் குற்றத்தைப் பற்றி. டாமின் சொத்தைப் பற்றிய மௌனத்தை அவை கவனிப்பதில்லை. இந்தக் குறையை இக்கட்டுரை சிறியதாக நினைக்கவில்லை.

இதைவிடக் கனமான சான்று ஏழாம் அத்தியாயத்தில் உள்ளது. பிளாசா விடுதி அறையில் கேட்ஸ்பியும் டாமும் நேருக்கு நேர் மோதும்போது, எங்கிருந்தோ வந்த யாரோ ஒருவனுக்கு மனைவியை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று டாம் சீறுகிறான். குடும்பத்தை இப்படி இளக்காரமாக நினைத்தால் அடுத்தது கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் திருமணம்தான் என்றும் சொல்கிறான். கேட்ஸ்பி வெள்ளையன். ஆனாலும் டாம் அவனைத் தள்ளுவதற்கு எடுக்கும் சொல் கலப்பு மணம். முதல் அத்தியாயத்தில் டாம் சிலாகிக்கும் இனவெறி நூல், லோத்ராப் ஸ்டோடார்டு 1920-இல் வெளியிட்ட நூலைச் சாடையாகக் குறிப்பது. நாவலின் பெரும்பகுதி எழுதப்பட்ட 1924-ஆம் ஆண்டில்தான் அமெரிக்கா குடியேற்றத்துக்கு இன அடிப்படையில் கடுமையான வரம்பு விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார், ஆகவே குடியுரிமை பெறமுடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, டெய்சியின் வாசலில் நிற்பது பணம் மட்டுமல்ல. பணத்துக்குப் பின்னால் பிறப்பு நிற்கிறது. சாதிக்குள் சம்பந்தம் பேசும் ஊரிலிருந்து வரும் மாணவருக்கு இது நாவலின் ஓரத்தில் கிடக்கும் செய்தியாகப் படாது. நடுவில் நிற்பதாகவே படும்.

4. வழிவிட்ட சீருடை, வழிமறித்த சீருடை

செல்வமும் இழந்த காதலும் ஒரே முடிச்சாக விழுந்த தமிழ் நாவலைத் தேடினால் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' முதலில் நிற்கும். சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த சிங்காரம், 1938-இல் வேலைக்காக இந்தோனேசியாவின் மேடான் நகருக்குக் கப்பலேறியவர். அங்கேயே மணம் செய்து, மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் இழந்தார். நாடு திரும்பியபின் மதுரை தினத்தந்தியில் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஹெமிங்வேயை விரும்பிப் படித்தவர். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் வெளியானது. ஃபிட்ஸ்ஜெரால்டின் செல்வாக்கு அதில் உண்டு என்பது இங்கே வாதமல்ல. ஒரே முடிச்சை இரண்டு சமூகங்கள் எப்படி அவிழ்த்தன என்று பார்ப்பதே நோக்கம்.

களம் பினாங்கு. வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் வேலைபார்த்த செல்லையாவும் பிள்ளையின் மகள் மரகதமும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, மேலாளாகிப் பிறகு தனிக்கடை என்று படிப்படியாக ஏறும் உலகம் அது. திறமையும் விசுவாசமும் உள்ள கடைப் பையன் முதலாளிக்கு மருமகன் ஆவதற்கு அங்கே இடமுண்டு. அந்த வகையில் வட்டிக்கடை வீதி, டெய்சி பிறந்த லூயிவில்லைவிடக் கதவு திறந்த இடம்.

போர் வருகிறது. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போகிறது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமையேற்கிறார். செல்லையா படையில் சேர்கிறான். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் எல்லாம் கலைகிறது. ஜப்பானிய நோட்டுகள் வெற்றுத் தாளாகின்றன. திரும்பி வரும் செல்லையாவுக்கு மரகதத்தைக் கொடுக்கப் பிள்ளை மறுக்கிறார். துப்பாக்கி பிடித்தவன் இனி பெட்டியடிக்கு அடங்கமாட்டான் என்பது அவர் கணக்கு. கடையிலேயே இருந்த நாகலிங்கத்தை மருமகனாகத் தேர்ந்துகொள்கிறார்.

இரண்டு நாவல்களையும் பக்கத்தில் வைத்தால் சீருடை எதிரெதிராக வேலை செய்வது கண்ணில் படுகிறது. 1917-இல் லூயிவில்லில் கேட்ஸ்பி டெய்சியின் வீட்டுக்குள் நுழைய முடிந்ததே ராணுவ அதிகாரியின் உடையால்தான். எல்லா லெப்டினன்டுகளும் ஒரே உடையில் இருந்தபோது யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி சிறிது காலம் மறைந்துபோயிற்று. உடை கழன்றதும் கேள்வி திரும்பி வந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டும் 1918-இல் மான்ட்கோமெரி அருகே முகாமில் அதிகாரியாக இருந்தபோதுதான் ஸெல்டாவைச் சந்தித்தார். செல்லையாவுக்கோ சீருடையே வினையாயிற்று. அதற்கு முன்பு அவன் யாரென்று பிள்ளைக்கு அணுஅணுவாகத் தெரியும். சீருடை அவனைத் தெரியாதவன் ஆக்கிவிட்டது.

வயிரமுத்துப் பிள்ளையைக் கெட்டவராக வாசிப்பது எளிது. சிங்காரம் அப்படி எழுதவில்லை. கடல் தாண்டிய ஊரில், சொல்லையும் கணக்குப் புத்தகத்தையும் நம்பி நடக்கும் தொழிலில், பிள்ளைக்கு நாணயமே எல்லாம். மகளின் மனத்தை அவர் அறியாதவரல்ல. அறிந்தே தொழிலின் பக்கம் நிற்கிறார். அதனால்தான் அந்த மறுப்பு டாமின் சீற்றத்தைவிட ஆழமாகக் குத்துகிறது.

முடிவும் வேறு. கேட்ஸ்பி, கடந்ததை மீண்டும் நிகழ்த்த முடியும் என்று கடைசிவரை நம்பிச் சாகிறான். செல்லையா, நண்பன் மாணிக்கத்தின் நெடிய பேச்சைக் கேட்டபடி, இழப்பைச் சுமந்து வாழ்வதற்கு மனத்தைத் தயார் செய்கிறான். கேட்ஸ்பிக்கு மாணிக்கம் மாதிரி ஒருவன் இல்லை. நிக் பக்கத்திலேயே இருந்தாலும், பார்ப்பவனாக இருந்தானே தவிர, தோளில் கைபோட்டுப் புத்தி சொல்பவனாக இருக்கவில்லை.

5. கிடையில் நடந்த விசாரணை

பினாங்கு தூரம் என்று தோன்றினால், கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல் அருகில்தான். கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலில், புஞ்சையில் ஆடுகள் விழுந்து வெள்ளாமையை அழித்ததற்கு யார் பொறுப்பு என்று ஊர் விசாரிக்கிறது. தடம் பார்த்துப் போனால், எல்லப்பனும் செவத்தியும் சேர்ந்திருந்த நேரத்தில் ஆடுகள் கவனிப்பாரற்றுப் போனது தெரியவருகிறது. எல்லப்பன் வசதியுள்ள வீட்டுப் பையன். செவத்தி சாதியிலும் சொத்திலும் கீழே வைக்கப்பட்டவள். விவகாரம் பெரிய வீட்டுக்குச் சேதாரமில்லாமல் முடித்துவைக்கப்படுகிறது. எல்லப்பனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம். செவத்திக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கி அடிக்கப்படுகிறது. அம்ஷன் குமார் இதை 2003-இல் 'ஒருத்தி' என்ற படமாக எடுத்தார்.

உடைத்துவிட்டுத் தங்கள் பணத்துக்குள் பின்வாங்கி, சிதறியதைப் பெருக்க வேறு ஆட்களை விட்டுச் செல்பவர்கள் என்று டாமையும் டெய்சியையும் நிக் மதிப்பிடுகிறான். காரை ஓட்டி டாமின் கள்ளக்காதலி மர்ட்டில் வில்சனைக் கொன்றது டெய்சி, பழி கேட்ஸ்பிமேல் விழுகிறது, தூண்டிவிட்டது டாம், கேட்ஸ்பியைச் சுட்டதும் தன்னையே சுட்டுக்கொண்டதும் சாம்பல் மேட்டில் கார்ப் பட்டறை வைத்திருந்த மர்ட்டிலின் கணவன் வில்சன். விசாரணையில் டெய்சியின் பெயர் வரவே இல்லை. 'கிடை'யின் பஞ்சாயத்தைப் படித்த கண்ணுக்கு இந்த ஏற்பாடு உடனே புலப்படும். யாருடைய பெயர் விசாரணையில் வராமல் போகிறது என்பதே சொத்தின் அளவைச் சொல்லிவிடுகிறது.

கி.ரா. ஓர் இடத்தில் ஃபிட்ஸ்ஜெரால்டைத் தாண்டிப் போகிறார். அவர் வாசகரை நிறுத்துவது இழந்தவளின் பக்கத்தில். மர்ட்டிலுக்கு ஃபிட்ஸ்ஜெரால்டு அந்த இடத்தைத் தரவில்லை. மூன்று கதைகளிலும் பெண்ணின் மனம் மற்றவர்கள் வாயிலாகவே நமக்குக் கிடைக்கிறது. திருமணத்துக்கு முந்தைய இரவில் குடித்துவிட்டு, ஒரு கடிதத்தைக் கையில் பிடித்தபடி டெய்சி அழுததை அவள் தோழி ஜோர்டன் பேக்கர்தான் சொல்கிறாள். அந்தக் கடிதம் குளியல் தொட்டியில் கரைந்துபோகிறது. மறுநாள் டெய்சி முத்துமாலையோடு மணமேடையில் நிற்கிறாள். ஆசிரியர் அந்த இரவைப் பற்றி இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றாமல் இருப்பது கடினம்.

6. பாடம் சொல்லும் முறை குறித்து

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலிருந்து வாசிப்பவர், நீரைக் கடந்து ஒளியை நோக்கிக் கை நீட்டும் கேட்ஸ்பியை ஆண்டாளின் ஏக்கத்தோடு சேர்த்துப் பார்க்க ஆசைப்படலாம். அந்த ஒப்பீடு நிற்காது. மானிடர் எவருக்கும் தன்னைப் பேசக் கூடாது என்று சம்பந்தச் சந்தையையே மறுத்தவள் ஆண்டாள். கேட்ஸ்பி அந்தச் சந்தையின் விதிகளை முழுக்க ஏற்றுக்கொண்டவன். டெய்சியின் குரலிலேயே பணம் இருக்கிறது என்று கண்டு சொன்னவனும் அவன்தான்.

பயன்படும் ஒப்பீடு மண்ணில் இருக்கிறது. கல்லூரி வகுப்பில் 'கேட்ஸ்பி'க்கு முன்பாக ஒரு வாரம் 'கிடை'யையும் 'கடலுக்கு அப்பால்' நாவலையும் படிக்கவைக்கலாம். பிறகு மாணவர்களிடம் கேட்க வேண்டியவை பச்சை விளக்கின் பொருள் போன்ற கேள்விகள் அல்ல. நிக் தன் குடும்பத்தைப் பற்றி ஏன் முதலிலேயே சொல்கிறான்? டாமின் சொத்து எங்கிருந்து வந்தது? கேட்ஸ்பியின் தகப்பன் ஹென்றி காட்ஸ், மகன் உயிரோடிருந்தவரை கதைக்குள் வராமல், சாவுக்குப் பிறகு மினசோட்டாவிலிருந்து வந்து, மகன் சிறுவயதில் ஒரு புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்த தினசரி வேலைப் பட்டியலைப் பெருமையோடு காட்டுவது எதனால்? அப்பாவை மறைத்தால்தான் முன்னேற முடியும் என்று ஒரு சமூகம் மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தையல் கூடத்திலிருந்தோ தறிக்கூடத்திலிருந்தோ கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் இதற்கு எழுதும் விடை எந்த நோட்ஸிலும் இருக்காது.

மொழி ஒரு தடைதான். ஃபிட்ஸ்ஜெரால்டின் வாக்கியங்கள் நீளமானவை. முதல் தலைமுறை ஆங்கிலப் படிப்பாளிகளில் பலர் அவற்றைத் தாண்ட முடியாமல் நோட்ஸை நாடுகிறார்கள். இந்தியாவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால், இந்நாவலை மொழிபெயர்க்க யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் 2021 ஜனவரி 1 முதல் பதிப்புரிமை இல்லை. சட்டைக் குவியல், பிளாசா விடுதிச் சண்டை, தகப்பன் வரும் இறுதி அத்தியாயம் ஆகிய மூன்று பகுதிகளையாவது இந்த வட்டார ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தமிழில் கொண்டுவந்து, ஆங்கில மூலத்தோடு வகுப்பில் வைத்துப் படிக்கலாம். துணியின் வகைகளுக்கும் தையலின் நுணுக்கங்களுக்கும் சரியான சொல் தருபவர்கள் செட்டியார்பட்டியிலேயே இருக்கிறார்கள்.